பன்னிரண்டு டம்ளர்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு ரோஸ்லின் கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருந்தாள். சீடர் அருணகிரி நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மோரைக்கூட ஊதிக் குடிக்கிற மனிதர். மீன் விஷயத்தில் சந்தேகம் கேட்கப் போய்ப் போய், ரோஸ்லினை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் சார் என்று அவளும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

மீன்கள் அவர் மனைவி தில்லைநாயகியுடையவை. விரல் நீளம்கூட இல்லாத ரெயின்போ மீன்கள், பன்னிரண்டு. தில்லைக்கு நாளைக் காலையில் இதய ஆபரேஷன். மூன்று நாளுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு மீன் போனாலும் தில்லைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அருணகிரிக்குத் தோன்றிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் கடைக்குப் போன் வந்தது.

"டீச்சர், உடனே வரணும்."

ரோஸ்லின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்கு வந்தாள்.

தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது, மீன் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மீன். ஒவ்வொன்றின் மேலும் நம்பர் ஒட்டியிருந்தது. மீன்களெல்லாம் வெளுத்துப்போய் அடியில் கிடந்து மூச்சு வாங்கின. ஏழாம் நம்பர் மூச்சு வாங்கவில்லை.

"என்ன சார் இது?"

"அஞ்சாம் நம்பர் வால்ல ஒரு வெள்ளைப் புள்ளி, டீச்சர். முந்தாநாள் பாத்தேன். ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் தொத்திக்குமே. அதான் பிரிச்சுட்டேன்."

"பன்னெண்டையுமா?"

"யாருக்குத் தொத்தியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததும் பேய்.

"இது என்ன தண்ணி?"

"கேன் தண்ணி."

"இந்த மீனுக்குப் போர் தண்ணிதான் ஒத்துக்கும்னு சொன்னேனே சார்."

"சொன்னீங்க. ஆனா அந்தத் தண்ணி பக்கெட்டுல எல்லாம் வெள்ளை வெள்ளையாப் படியுது. அதைப் போய் நோயாளிக்கு எப்படிக் குடுக்கறது?"

"சாப்பிட்டுச்சா?"

"ரெண்டு நாளா எதுவும் வாயே வெக்கலை."

ரோஸ்லின் ஏழாம் நம்பர் டம்ளரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல புள்ளி இருக்கா சார்?"

அருணகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தலையிலிருந்து வால் வரை இரண்டு முறை பார்த்தார்.

"இல்லை."

"ஆமா. இதுக்கு எதுவும் தொத்தலை" என்றாள் ரோஸ்லின்.

அவர் அந்த டம்ளரில் ஒட்டியிருந்த நம்பரை உரித்தெடுத்தார்.

அவள் ஒரு பக்கெட் எடுத்து வந்து, மிச்சமிருந்த பதினொன்றையும் அதனதன் தண்ணீரோடு அதில் ஊற்றினாள். அஞ்சாம் நம்பரையும்தான். பிறகு காலி டம்ளர் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"தொட்டித் தண்ணிய மொண்டு கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க. அவசரம் வேண்டாம்."

"தொத்திக்குமே, டீச்சர்."

"தொத்தலாம். எல்லாத்துக்கும் சேத்து மருந்து போடலாம்."

"எல்லாமே போயிட்டா?"

"அடுத்த டம்ளர் ஊத்துங்க சார்."

அவர் ஊற்றினார். பாதி தரையில் சிந்தியது. முதலில் மீன்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றன. கால் மணி நேரம் கழித்து ஒன்று இன்னொன்றின் பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்து மூன்றாவது வந்தது. அரை மணி நேரத்தில் பதினொன்றும் ஒரே பக்கம் தலைவைத்து நின்றன. எது அஞ்சாம் நம்பர் என்று அவருக்கே தெரியவில்லை. ரோஸ்லின் ஒரு சிட்டிகை தீனி தூவினாள். ஒன்று மேலே வந்து கவ்வியது, உடனே மற்றவையும் வந்தன.

அருணகிரிக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சொன்னார்.

"நர்ஸ் பேசினாங்க. தில்லை இன்னிக்கும் சரியா சாப்பிடலையாம். ஜன்னலைப் பாத்துட்டே படுத்திருக்காளாம்."

"அக்கா கூட யாரு இருக்கா சார்?"

"யாரும் இல்லை. தனி ரூம் எடுத்துக் குடுத்திருக்கேன். அவ தங்கச்சிங்க மூணு பேரும் வந்து நின்னாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். நானும் சேத்துட்டு வந்ததோட சரி, போகலை. ஆபரேஷனுக்கு முன்னாடி எங்ககிட்ட இருந்து ஏதாவது தொத்திடுச்சுன்னா?"

"யாரும் வரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்லை. ஒருத்தர் கூடவே இருங்கன்னுதான் சொன்னார்." அவர் குரல் இறங்கியது. "ஆனா நல்ல ரூம், டீச்சர். தூசி கிடையாது, சத்தம் கிடையாது. அவ்வளவு சுத்தம்."

ரோஸ்லின் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அக்காவை டம்ளர்ல இருந்து எடுங்க சார். மீனுக்கு நான் இருக்கேன்."