முதலில் கலசம்

மருதங்கோட்டை ராஜா வேலுடையாருக்குக் கோபம் வந்தாலும் ஆபத்து, சந்தோஷம் வந்தாலும் ஆபத்து. இரண்டிலும் ஓர் ஆணை பிறக்கும். அதை நிறைவேற்றும் பாடு அவைப்புலவர் சாத்தப்பனுக்கு.

அந்த வருஷம் வந்தது சந்தோஷம். ஊர்க்கோடியில் உப்பு விற்கும் பொன்னுருவி தன் கையாலேயே மண் பிசைந்து அம்மனுக்கு ஒரு கோயில் கட்டியிருந்தாள். இடுப்பளவு சுவர், உள்ளே ஒரு கல், ஓர் அகல்விளக்கு. ராணி போய்க் கும்பிட்ட மறுநாளே இளவரசியின் காய்ச்சல் இறங்கிவிட்டது.

"அங்கே ஏழுநிலைக் கோபுரம் எழுப்புவேன்" என்றார் ராஜா.

மந்திரி விசயாலர் மெல்லக் காதைக் கடித்தார். "உப்புக்காரி பிசைந்த மண்ணிலா உங்கள் கோயில் தொடங்குவது? இடித்துவிடலாம் மகாராஜா. கல்வெட்டில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்."

ராஜாவுக்கு இனித்தது. "சரிதான். மண்ணில் தொடக்கம் வேண்டாம். முதலில் உச்சியில் தங்கக் கலசம், மற்றதெல்லாம் பிறகு. கலசம் ஏறியதும் மண்சுவரை இடியுங்கள். சாத்தப்பா, வெள்ளிக்கிழமைக்குள் முடி. இல்லாவிட்டால் அவைப் பக்கம் வராதே."

சாத்தப்பன் நேரே பொன்னுருவியைப் பார்க்கப் போனார். அவள் உப்புக்கூடையை வாசலில் வைத்துக் காவல்போல் உட்கார்ந்திருந்தாள்.

"இடிச்சிருவாங்களாய்யா?"

"கலசம் ஏறட்டும் தாயி, பார்ப்போம்" என்றவர், கொத்தர்கள் அடுக்கியிருந்த மூங்கிலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டது. வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மூங்கில் சாரம்.

"மண்ணில் தொடங்க வேண்டாம் என்ற யோசனை மந்திரியாருடையது. அவர் கையால்தான் கலசம் ஏற வேண்டும்" என்றார் சாத்தப்பன். விசயாலர் பூரித்துப்போய்க் கலசத்தோடு ஏறினார். உச்சியில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கே வைப்பது?"

"வைக்க இன்னும் இடம் கட்டவில்லை ஐயா. அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து கட்டிக்கொண்டு வருகிறோம்."

"எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு வருஷம். மழை பெய்தால் கொஞ்சம் கூடும்."

சாரம் ஆடியது. மந்திரியும் ஆடினார். ராஜாவின் உதடு துடித்தது.

"சாத்தப்பா, கீழே எங்கேயிருந்து தொடங்குவாய்?"

"எங்கே தொடங்கினாலும் மண்ணில்தான் மகாராஜா. நல்லவேளையாக இந்த அம்மாள் ஏற்கெனவே தொடங்கி வைத்திருக்கிறாள். அந்த மண்ணில் ராணி கும்பிட்டுத்தானே நம் இளவரசி காய்ச்சலிலிருந்து எழுந்தாள்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் காப்பைக் கழற்றிச் சாத்தப்பன் கையில் மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து மண்கோயிலுக்குள் நுழைந்து கும்பிட்டார்.

"இதுதான் கருவறை. இதைச் சுற்றியே கட்டுங்கள்" என்றார் வெளியே வந்து. "கல்வெட்டில் முதல் பெயர் யாருடையது என்றுதான் நிதானமாக யோசிக்க வேண்டும்."

உச்சியிலிருந்து நடுங்கும் குரல் ஒன்று வந்தது.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது மகாராஜா? பொன்னுருவி அம்மாள் பெயரையே போடுங்கள். நிதானம் மட்டும் வேண்டாம்."