உதிர்ந்த முள்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. டீச்சர் பேசியது கொஞ்சம்தான். அதில் ஒரு சொல்லை நான் கூட்டிவிட்டாலும் அது அவர் சொன்னதாக இருக்காது. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

என் பெயர் தையல்நாயகி. அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர். என் வீட்டுக்காரர் கொளஞ்சி கல் லாரி ஓட்டினார்.

எங்கள் நிலத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அதில் கிடந்த பூச்சிகள் எல்லாம் இப்போது கல்லாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கடல்முள்ளெலி. சிலது பன் போல உப்பலாக இருக்கும். சிலது அதிரசம் போலத் தட்டையாக இருக்கும். எதுவானாலும் மேலே ஐந்து இதழில் ஒரு பூ, ஊசியால் குத்திக் குத்தி வரைந்ததுபோல் இருக்கும்.

அவர் அதை டிபன் கேரியரின் மேல் அடுக்கில் போட்டுக் கொண்டுவருவார். "பூ வாங்கியாந்திருக்கேன், தையலு. தலையில வெச்சுக்காத, மண்டை வலிக்கும்" என்பார்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். லோடு ஏற்றினால் ஒரு போன், இறக்கினால் ஒரு போன்.

"பிரேக் நல்லா பிடிக்குதா? மழை பெஞ்சிருக்கு, குழி ஓரமாப் போகாதீங்க. கரை சரியும்."

"உன் போனை எடுக்கறதுக்குன்னே ஒரு க்ளீனரை வேலைக்கு வெக்கணும்."

கடைசியாகப் பேசிய அன்று அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

"பெருசா ஒண்ணு மாட்டியிருக்கு. கல்லுக்குள்ளயே இருக்கு. ஓரத்துல ஒரு கோடு மட்டும் தெரியுது. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து எடுத்துடலாம்."

"சரி சரி, பார்த்து வாங்க" என்றேன்.

எடை மேடை வரிசையில் லாரியை நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். தூங்கிவிட்டார் என்று பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

பிரேக் பிடித்துத்தான் இருந்தது. கரை சரியவில்லை. நான் பயந்த எதிலும் அவர் போகவில்லை.

சீட்டுக்கு அடியில் இருந்ததாக அந்தக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருடைய துண்டில் சுற்றியிருந்தது. தேங்காய் அளவு. ஓரத்தில் கோடு தெரிந்தது.

துண்டைத் துவைக்காமல் கொடியில் போட்டேன். சுத்தியலை எடுத்தேன். அடித்தால் உள்ளே இருப்பதும் உடைந்துபோனால் என்ன செய்வது? சுத்தியலை வைத்துவிட்டேன்.

அப்படித்தான் பிலோமினா டீச்சரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர். பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம். மற்ற வீடுகளில் கப்பும் பொம்மையும் வைக்கிற ஷோகேஸில் அவர் கடல்முள்ளெலிகளை வைத்திருந்தார்.

கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருக்கா டீச்சர்?"

"எடுத்தாத்தான் தெரியும்."

"நீங்களே எடுத்துக் குடுத்துடுங்களேன்."

"யார் கொண்டாந்த கல்லு?"

"அவர் கொண்டாந்தது."

"அப்ப நீங்கதான் எடுக்கணும்."

"எனக்கு எடுக்கத் தெரியாதே."

"அதனால இன்னைக்கு வேணாம். வேற கல்லு பொறுக்கிட்டு வாங்க, அக்கா."

ஓடைக்கரையில் மழை அரித்த இடங்களில் தேடினேன். பள்ளத்துக்குள் இறங்கவில்லை, பயம். மேலே கிடந்ததை மட்டும் பொறுக்கினேன். சனிக்கிழமைதோறும் அவற்றை முந்தானையில் கட்டி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போவேன்.

அவர் கற்றுக்கொடுத்தது அதிகம் இல்லை. கீழே பேப்பர் விரிக்க வேண்டும். மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் கல்லை உட்கார வைக்க வேண்டும். மரக்கட்டையில் செருகிய கோணி ஊசியால் மண்ணைச் சுரண்ட வேண்டும். பல் தேய்க்கிற பிரஷால் தட்டிவிட வேண்டும்.

"ஆசிட் ஊத்தினா சீக்கிரம் போயிடுமே டீச்சர்? பாத்ரூம் கழுவற ஆசிட்?"

"போயிடும். மண்ணும் போயிடும், பூவும் போயிடும். ஆசிட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப எது மண்ணு, எது பூச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மண்ணுன்னா ஊசி இறங்கும். ஓடுன்னா வழுக்கும். வழுக்கினா நிறுத்திடுங்க."

இன்னும் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, பேப்பரில் விழுந்த தூசியை ஊறுகாய் பாட்டிலில் சேர்க்கச் சொல்வார். சும்மா கிடக்கிற தூசியைக்கூட விடமாட்டாரா, இவ்வளவு கருமியா என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று, என் வாய்.

"வாயையும் மூக்கையும் கட்டிக்கோங்க அக்கா. தூசி நெஞ்சுல படியும்."

"படியட்டும் டீச்சர். யாருக்காக?"

 அடுத்த சனிக்கிழமையும் அதையே சொல்வார். நானும் அதையே சொல்வேன்.

எதற்கும் பயப்படுகிற நான், வாயில் ஒரு துணியைக்கூடக் கட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்காகத்தான் எனக்குப் பயம் வரும். அந்த மற்றவர் இல்லை.

முதல் கடல்முள்ளெலி முழுதாக வெளியே வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன்.

"இது எப்படிச் செத்துச்சு, டீச்சர்?"

"தெரியாது. மேல மண்ணு விழுந்திருக்கலாம்."

"பயந்திருக்குமா?"

டீச்சர் பிரஷை என் பக்கம் நகர்த்தினார். "அடியில இன்னும் மண்ணு இருக்கு."

அடியையும் தேய்த்தேன். பிறகுதான் ஒன்று தோன்றியது.

"முள்ளெலிங்கறீங்க. முள்ளே இல்லையே? வழுவழுன்னு மொட்டையா இருக்கே?"

"உசிரு இருக்கறப்ப உடம்பெல்லாம் முள்ளுதான். போனதும் உதிர்ந்துடும். ஓடு மட்டும் நிக்கும்."

"உதிர்ந்த முள்ளெல்லாம் எங்க போச்சு?"

"பேப்பரை நல்லா விரிங்க அக்கா. தூசி கீழ சிந்துது" என்றார்.

கடல்முள்ளெலிகள் சேர்ந்தன. முட்டைக் கடையில் அட்டை வாங்கிவந்து, ஒரு குழிக்கு ஒன்றாக உட்கார வைத்தேன். கொளஞ்சி கொண்டுவந்தவை ஒரு அட்டை, நான் எடுத்தவை ஒரு அட்டை. அவருடைய கல்லை மட்டும் தனியாக வைத்திருந்தேன். வாரம் தவறாமல் கேட்பேன்.

"இப்ப எடுக்கலாமா டீச்சர்?"

"இன்னும் இல்ல."

ஒரு சனிக்கிழமை ஊசி சறுக்கிவிட்டது. நல்ல அதிரசம் ஒன்று, பூ முழுதாகத் தெரிய இருந்தது, இரண்டாக உடைந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மற்ற பாதியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி முடித்தேன்.

"அடுத்த வாரம் அவர் கல்லை எடுங்க" என்றார் டீச்சர்.

"உடைச்சுட்டேனே!"

"நீங்க எப்ப ஒண்ணை உடைப்பீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அந்தக் கல்லை என் வீட்டிலேயே எடுக்கச் சொன்னார். தினமும் சமையல் முடிந்ததும் கூடத்தில் உட்காருவேன். விழுகிற தூசியைப் பழக்கத்தில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் சேர்ப்பேன். கோடு இருந்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஊசி இறங்கியது. எப்போது வழுக்கும் என்று கையெல்லாம் காதாக இருந்தேன்.

பக்கத்து வீட்டில் என் நாத்தனார் பவுனம்மா. என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவர் போனதிலிருந்து என் வாசலுக்கும் பவுனம்மாதான் கோலம் போடுகிறார். கோலம் போட்டு முடித்ததும் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"என் தம்பி கல்லை ஏத்தி ஏத்தியே போனான். நீ கல்லைச் சொறிஞ்சு சொறிஞ்சே போகப்போறியா?"

"உள்ள ஒண்ணு இருக்கு, அண்ணி. அவரே சொன்னாரு."

"அவன் என்ன சொல்லலை? கல்யாணத்துக்கு முன்னாடி சொந்தமா லாரி வாங்கப்போறேன்னான்."

சுரண்டச் சுரண்டக் கோடு மறைந்தது. அது கல்லுக்குள்ளே போகவே இல்லை. மேலோடு நின்றுவிட்டது. மண் வெட்டுகிற இயந்திரத்தின் பல் கீறிய தடம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. ஒருவேளை இன்னும் உள்ளே இருக்கலாம். நடுவில் இருக்கலாம்.

ஒருநாள் மத்தியானம் கல் தானாகவே இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியிலும் ஒன்றும் இல்லை. வெறும் கல். ஊசி ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

பவுனம்மா வந்து தூசிப் பாட்டிலைப் பார்த்தார்.

"கோலமாவு தீர்ந்துபோச்சு. இது வெள்ளையா நல்லா இருக்கே. எடுத்துக்கட்டுமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி."

அவர் பாட்டிலோடு வாசலுக்கு இறங்கினார். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் முதல் புள்ளியும் வைத்துவிட்டார். எதிரே டீச்சர் வந்து நின்றார்.

"அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் குடுங்கம்மா."

"ஏன் டீச்சர், உங்க வீட்டுலயும் மாவு தீர்ந்துபோச்சா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கி உள்ளே வந்தார். முட்டை அட்டையில் கிடந்த இரண்டு பாதிகளையும் பார்த்தார். தொடவில்லை.

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன். "கோடு மிஷின் கீறினது. பெருசா ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்து எடுத்துடலாம்னாரு. கடைசியா என்கிட்ட அவர் சொன்னது அதுதான். அதுவும் பொய்யாப் போச்சு."

டீச்சர் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாங்க அக்கா."

கொண்டுவந்தேன். பாட்டிலில் இருந்த தூசியைக் கைப்பிடி அளவு அதில் கொட்டினார்.

"அரிசி களையற மாதிரி களைங்க."

களைந்தேன். தண்ணீர் பாலாக ஆயிற்று.

"மேல இருக்கறதை ஊத்திடுங்க. திரும்பக் களைங்க."

வாசற்படியில் நின்ற பவுனம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உலை எப்ப வைக்கப்போறீங்க? கழனித்தண்ணியை வீணாக்காதீங்க, மாட்டுக்கு ஆகும்."

தண்ணீர் தெளியும் வரை களைந்தேன். அடியில் ஒரு கரண்டி அளவு மிச்சம் இருந்தது. டீச்சர் பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்தார். அந்த மிச்சத்தைக் கறுப்புப் பலகைமேல் மெல்லப் பரப்பினார். என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"பாருங்க."

"மண்ணு."

"பாருங்க."

குனிந்தேன். முதலில் என் மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

மண் இல்லை. குச்சி குச்சியாக இருந்தது. சீரகம் போல. ஒவ்வொன்றிலும் சீரகத்தில் இருப்பதுபோலவே வரி வரியாக ஓடியது. சிலது நீளம். சிலது முறிந்தது. நடுநடுவே பூவின் புள்ளிகள் இருந்த ஓட்டுத் துணுக்குகள். சிலேட்டு முழுக்க அதுதான்.

நான் நிமிரவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. இத்தனை நாள் ஊசியால் எடுத்து ஒதுக்கியது, ஊதித் தள்ளியது, பிரஷால் தட்டிவிட்டது எல்லாம் இதுதான்.

"டீச்சர், இது..."

"முள்ளு எங்க போச்சுன்னு அன்னைக்குக் கேட்டீங்களே."

பவுனம்மா உள்ளே வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார். தாம் வைத்த அந்த ஒரு புள்ளியை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்து, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"முழுசா ஒண்ணுகூட இல்லையா டீச்சர்?"

"இல்ல."

"அவர் பெருசா ஒண்ணு இருக்குன்னாரே."

டீச்சர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்தார்.

"அவர் என்ன பார்த்தாருன்னு எனக்குத் தெரியாது அக்கா. ரெண்டு பேரும் உக்காந்து எடுக்கலாம்னாரு. எடுத்தது இது."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். பிளந்த பாதி இரண்டும் இன்னும் அட்டையில் கிடந்தன. ஒன்றை எடுத்து மணல் பையின்மேல் உட்கார வைத்தேன். பேப்பரை விரித்தேன். ஊசியை எடுத்தேன்.

டீச்சர் வாசற்படியில் நின்றார். எப்போதும் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

ஊசியைக் கீழே வைத்தேன். எழுந்து போய்க் கொடியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து உதறினேன். மூக்கையும் வாயையும் சேர்த்து, பின்னால் இறுக முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டேன்.