பூச்சுக்கு அடியில் தேக்கு

போன சித்திரையில், காரைக்குடியில் சோணையாவின் பழைய சாமான் கடைக்கு ஒரு பெட்டகம் வந்து சேர்ந்தது. பெரிய வீடு ஒன்றைப் பிரித்தபோது ஏலத்தில் எடுத்தது. முன்பக்கம் அரைவட்டமாக வளைந்து, நாலு ஒல்லிக் காலில் நிற்கும். தலைமேல் ஒரு சலவைக்கல் பலகை. உடம்பெல்லாம் பாலாடை நிறத்தில் பூச்சு. அதன்மேல் கையால் வரைந்த சித்திரம்.

சித்திரம் என்றால் சும்மா இல்லை. இழுப்பறை நெடுக ரோஜாச் சரம். இரண்டு பக்கமும் காது வைத்த பூச்சாடிகள். நடுக்கதவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு பெண் தோளிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் அப்படி ஒரு கவனம்.

பெட்டகத்துக்கு அந்தப் பெண் என்றால் உயிர். இத்தாலியில் அதைச் செய்த தச்சன், கையில் கிடைத்த மரத்தை வைத்து நாலே நாளில் அடித்துப் போட்டுவிட்டுப் போனான். ஓவியன் அதன் முன்னால் பதினோரு மாதம் உட்கார்ந்தான். அவளுடைய முகத்துக்கு மட்டும் மூன்று வாரம். தான் யார் என்று கேட்டால் பெட்டகம் அவளைத்தான் காட்டும்.

வண்டியிலிருந்து இறக்கும்போதே வினை ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் சோணையா, மறுபக்கம் பாலிஷ் போடும் அபுதாகிர். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"யப்பா, என்னா கனம்! பாய், சந்தேகமே இல்ல, இது பர்மாத் தேக்கு" என்றார் சோணையா.

"ஆமாண்ணே. எவனோ விவரங்கெட்டவன் மேல பெயிண்டை அப்பி வச்சிருக்கான்."

"நாளைக்குக் காலையில சுரண்டி எடுத்துருங்க. உள்ள மரம் பளபளன்னு இருக்கும் பாருங்க."

"ஐயா, கனம் என்னோடது இல்லை! தலைமேல இருக்கிற கல்லோடது!" என்று பெட்டகம் கத்தியது. சாமான் பேசினால் மனிதர் காதில் எங்கே விழுகிறது? இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பெட்டகம் தலைமேல் இருந்த சலவைக்கல்லைப் பிடித்துக்கொண்டது. "நீயாவது கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதைச் சொல்ல?" என்றது கல். "கனமா இருக்குன்னார். கனமாத்தானே இருக்கு? என்னைப் பத்தி அவர் தப்பா ஒண்ணும் சொல்லலையே."

கதை கேட்டீர்களா! பெட்டகம் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஈட்டிமர நாற்காலியிடம் திரும்பியது. "அண்ணே, என்னைச் சுரண்டப் போறாங்கண்ணே."

நாற்காலி சந்தோஷமாகச் சிரித்தது. "கொடுத்து வச்சவ நீ! நான் வந்தப்போ எப்படி இருந்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிப் பச்சையில பெயிண்ட். என் மரம் என்னன்னு எனக்கே மறந்துபோச்சு. தாகிர் பாய் சுரண்டினார். பார்த்தா, ஈட்டி! உன் அருமையும் நாளைக்குத்தான் உனக்கே தெரியும்."

"உங்க மேல அடிச்சது பெயிண்ட். என் மேல வரைஞ்சது படம்."

"ரெண்டும் டப்பாவுலேருந்து வர்றதுதானே தாயி?"

"நான் பைன் மரம்ணே! பேக்கிங் பெட்டி அடிக்கிற பைன்! படம் வரையறதுக்குன்னே அடிச்ச மரம். உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாம் மேலதான் இருக்கு!"

சுவரில் சாய்ந்திருந்த நிலைக்கண்ணாடிக்கு உருகிவிட்டது. "எவ்வளவு அடக்கம் பாரு! தேக்குக்குத்தான் இந்த அடக்கம் வரும்."

"அடக்கமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை!" என்று பெட்டகம் அலறியது.

"கோபத்தைப் பாரு. வைரம் பாஞ்ச மரம்தான் இப்படிக் கோபப்படும்" என்றது நாற்காலி.

இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் பெட்டகத்துக்கு அதற்கும் வழி இல்லை.

மறுநாள் காலையில் அபுதாகிர் வந்தார். முதல் வேலையாகச் சலவைக்கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு பெட்டகத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒற்றைக் கையிலேயே அது வந்துவிட்டது.

"அண்ணே, இங்க வாங்க. இது என்ன, அட்டைப்பெட்டி மாதிரி லேசா இருக்கு?"

அப்பாடா என்றிருந்தது பெட்டகத்துக்கு. பிழைத்தோம் என்று நினைத்தது. இனிமேல் எந்த முட்டாளும் தேக்கு என்று சொல்ல மாட்டான்.

சோணையா வந்தார். தூக்கிப் பார்த்தார். தாடையைத் தடவினார். "பாய், பழைய தேக்குன்னா சும்மாவா? இருநூறு வருஷம் காஞ்சா அதுல என்ன கனம் இருக்கும்? லேசா இருந்தாத்தான் பழசு. ஆரம்பிங்க."

நேற்றுக் கனமாக இருந்ததால் தேக்கு. இன்று லேசாக இருப்பதால் தேக்கு. பெட்டகத்துக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

அபுதாகிர் பெயிண்டை இளக்கும் ரிமூவரை முதலில் இழுப்பறைப் பக்கம் தடவி ஊறவிட்டு, உப்புத்தாளைக் கையில் எடுத்தார். உப்புத்தாளுக்கு மரியாதை தெரியும். "அக்கா, எந்தப் பக்கத்திலேருந்து வரட்டும்?" என்று கேட்டது.

"எந்தப் பக்கத்திலேருந்தும் வராதே!"

"அது என் கையில இல்லியேக்கா. நான் அவர் கையில இருக்கேன்."

ரோஜாச் சரம் முதலில் போனது. பிறகு பூச்சாடிகள். கந்தைத் துணியில் சிவப்பும் பச்சையுமாகக் குழம்பு வழிந்தது. நடுக்கதவுக்கு வந்ததும் அபுதாகிரின் கை நின்றது. தோளில் கிடந்த துண்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்தார்.

"அண்ணே, இந்தப் பொம்பளப்புள்ள படம் ரொம்ப நல்லாருக்கே. கண்ணைப் பாருங்க. இதை மட்டும் விட்டுருவமா?"

சோணையா குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் ரசிக்கத் தெரியாத ஆள் இல்லை. "நல்லாத்தான் இருக்கு பாய். பேசிருவா போல இருக்கா" என்றார்.

"ஆனா, அடியில தேக்குல்ல இருக்கு" என்று பெருமூச்சு விட்டார். "அழிச்சிருங்க."

முதலில் குடம் போனது. பிறகு கை. முகம் கடைசியில் போனது. பெட்டகம் கத்தவில்லை. கத்தி என்ன ஆகப்போகிறது? பதினோரு மாத வேலை அரைமணி நேரத்தில் ஒரு கந்தைக்குள் சுருண்டு கிடந்தது. அதற்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது. துக்கத்தைவிடப் பெரிதாக எரிச்சல் இருந்தது. எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை சொன்னேன் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

மரம் வெளியே வந்தது. வெளிறிப்போய், கணு கணுவாக, அங்கங்கே வெடிப்போடு. நாற்காலி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சுரண்டினா..." என்று இழுத்தது.

"இதுக்கு மேல சுரண்டினா நான் அந்தப் பக்கம் போய் விழுவேன்" என்றது உப்புத்தாள்.

சோணையா தலையில் கை வைத்துக்கொண்டார். "பைனா! பாவிப் பயலுக, இப்படியா ஏமாத்துவானுங்க?" ஏமாற்றியவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பெட்டகத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் முகம் தெளிந்தது.

"பாய், தேக்குக் கலர் இருக்கா?"

"ஒரு டப்பா இருக்குண்ணே."

"ரெண்டு கோட்டு அடிச்சிருங்க. மேல மர ரேகையும் போட்டுருங்க. சன்னப் பிரஷ்ல, உங்க கையாலயே போடுங்க. இயற்கையா இருக்கணும்."

இரண்டு நாள் உட்கார்ந்து அபுதாகிர் ரேகை ரேகையாக வரைந்தார். அழகாகத்தான் வரைந்தார், பாவம். கணுவெல்லாம் மறைந்தது. வெடிப்பெல்லாம் மறைந்தது. நாற்காலி மேலும் கீழும் பார்த்து, "நான் அப்பவே சொல்லல? இப்பத்தான் நீ நீயா இருக்கே" என்றது.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டகத்தின் கதவை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மேல ஏதாவது பூசியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

சோணையாவுக்கு உண்மையாகவே மனசு நொந்துபோயிற்று. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? பெயிண்ட் பூசியிருந்தா நம்ம கடையில ஒரு நிமிஷம் விட்டுவைப்பமா?"