காத்திருக்கிற அம்மா வேஷம்

ஒரு ஊர்ல ஒரு காத்திருக்கிற அம்மா இருந்தா. பேரு ஞானசுந்தரி. பிள்ளை எங்கன்னு கேக்கியா? அது இல்லாமத்தானே காத்திருக்கா. ம் சொல்லு.

"ம்."

அப்புறம், அவளுக்குப் புத்தி சொல்ல சபையில ஆளுக்கா பஞ்சம்? போதகர் வந்தாரு. "வேதத்துல ஒரு தாயி தொண்ணூறு வயசுல பெத்தாம்மா"ன்னாரு. இவளுக்கு அப்போ இருபத்தெட்டு. இன்னும் அறுபத்திரெண்டு வருஷமான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டா. அப்புறம் உபதேசியார் வந்தாரு. "இன்னொரு தாயி ஆலயத்துல சத்தமில்லாம அழுதா, பிள்ளை கெடச்சுது. நீ சத்தம் போட்டு அழுறியோ என்னவோ"ன்னாரு. மூணாவது, பெண்கள் சங்கத் தலைவி பாக்கியவதி அக்கா வந்தா. "சங்க நாடகத்துல ஆலயத்துல அழுத அந்தத் தாய் வேஷத்தை நீயே போடு. உனக்குத்தான் அழுகை தானா வரும்"ன்னா.

வந்துது. ஒம்பது வருஷம் வந்துது. வருஷா வருஷம் அழுவா, கடைசியில ஒரு பொம்மையைக் கையில குடுப்பாங்க. வேதத்துல அந்தத் தாயி பிள்ளையை ஆலயத்துக்கே குடுத்துட்டால்ல, அதே மாதிரி இவளும் பொம்மையை ஆசாரியன்கிட்ட நீட்டணும். திரை விழும், பொம்மை பீரோவுக்குப் போயிரும். அவ வீட்டுக்காரர் தாசையாதான் நாடகத்துலயும் புருஷன், அவருக்கும் ஒரு வசனம் உண்டு. "பத்துப் பிள்ளைக்கு நான் ஒருத்தன் போதாதா?" பத்துப் பிள்ளைக்குச் சமமானவரு, குடிச்ச காப்பித் தம்ளரைக் கழுவி வச்சதில்ல. தத்தெடுப்போமான்னு இவ கேட்டா மட்டும், "அது ஆண்டவரை அவசரப்படுத்துறது. பொறுத்திருக்கதுதான் விசுவாசம்"னுடுவாரு.

அப்போ பத்தாவது வருஷம் என்னாச்சு? பொம்மைத் தலையை எலி கறுக் மொறுக்குன்னு தின்னுட்டு. சரின்னு பக்கத்துல இருந்த பிள்ளைகள் இல்லத்துல இருந்து நிசப் பிள்ளையையே கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. எட்டு மாசம். நாடகத்துக்கு ஆம்பிளப் பிள்ளை வேணும், வந்தது பொம்பளப் பிள்ளை. கம்மலைக் கழட்டினா ஆச்சுன்னுட்டா அக்கா.

முதல் ஒத்திகையில அது வீல்னு கத்துச்சு. ரெண்டாவதுல அச்சுன்னு இவ மூஞ்சியிலயே தும்முச்சு. மூணாவதுல இவ தோள்ல எச்சி ஒழுக கொர்ர்னு தூங்கிட்டு. ஞானசுந்தரி அந்தச் சேலையை நாலு நாள் துவைக்கல.

"ஏன்?"

மனசு வரல. அப்புறம் நாடகத்தன்னிக்கு, ஆசாரியன் வேஷம் கட்டின உபதேசியார் பஞ்சுத் தாடியோட ரெண்டு கையையும் நீட்டினாரு. இவ குடுக்கல. திரைக்குப் பின்னால இருந்து அக்கா, "வசனம், வசனம்"ங்கா.

"வசனம் தெரியும்க்கா. ஒம்பது வருஷம் குடுத்தேன். இந்த வருஷம் குடுக்கல."

சனம் எல்லாம் நடிப்புன்னு நினைச்சு படபடபடன்னு கை தட்டுச்சு. இவ தாசையா பக்கம் திரும்பினா. "நான் கேட்டேன், வந்துட்டு. எந்த வழியா வரணும்னு நான் ஆண்டவர்கிட்டச் சொல்லல. நீங்க சொன்னீங்களா?"

தாசையா தன் தோள்ல கெடந்த நாடகச் சால்வையை எடுத்தாரு, பிள்ளைக்குப் போத்திவிட்டாரு.

"அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்களா?"

எங்க? சும்மா தூக்கிட்டு வர அது என்ன பரங்கிக்காயா? சாயங்காலம் பிள்ளை இல்லத்துக்கே போயிட்டு. அப்புறம் மனு, விசாரணை, கோர்ட்டு. பதினாலு மாசம். கதவு டொக்குன்னா ஓடுவா, தபால்காரரு போனா ஓடுவா. ஒம்பது வருஷம் சபை முன்னால அழுதவ, அந்தப் பதினாலு மாசமும் அடுப்படியில யாருக்கும் தெரியாம அழுதா. அதுக்கு யாரும் கை தட்டல. ஆண்டவர் மேல கோவம் கூட வந்துது அவளுக்கு. ஆனாலும் தினம் அவர்கிட்டயேதான் போய்ச் சண்டை போட்டா. வேற யாருகிட்டப் போவா?

அப்புறம் பிள்ளை வந்துட்டு. பாக்கியவதி அக்கா ஊர் பூரா, "எங்க நாடகத்தால வந்த பிள்ளை"ன்னு சாட்சி சொல்லிட்டுத் திரியா. பொறுத்திருன்னு சொன்ன அத்தனை பேரும் கேக் திங்க முதல் ஆளா வந்து நின்னாங்க.

"அந்தப் பாப்பா இப்போ எங்க?"

இங்கதான். அஞ்சு வயசாச்சு, அப்பா சால்வையைப் போத்திக்கிட்டு, கண்ணு சொருகினாலும் தூங்காம ம் கொட்டிட்டுக் கெடக்கு. அந்த அம்மா இன்னமும் காத்திருக்கா, அது எப்போ தூங்கும்னு. கதை அம்புட்டுதான். கண்ணை மூடு, தாயி.