இசக்கியம்மாள் கேட்ட பாடம்

"சார், என் பாடத்தை மாத்திட்டாங்க," என்றாள் இசக்கியம்மாள்.

பேராசிரியர் ஆவுடையப்பன் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். அந்தச் சத்தத்தில் மேசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவள் தன் மனுவை அதன் மேல் வைத்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனி, ஞாயிறுகளில் நடக்கும் பட்டப்படிப்பில் வரலாறு எடுத்திருந்தாள்.

வரலாறு படித்தாலும் சரி, வணிகம் படித்தாலும் சரி, பொதுப்பாடம் என்று ஒன்றை எழுதித் தேறினால்தான் அந்தக் கல்லூரியில் பட்டம். அவர்களுக்கு வைத்திருந்தது வானியல் அறிமுகம். ஆவுடையப்பன்தான் அதை நடத்துகிறவர்.

"எதை எடுத்துட்டு எதைப் போட்டாங்க?"

"வானியலை எடுத்துட்டு இசை ரசனையைப் போட்டுட்டாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் கேக்கலை சார். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்குன்னு பக்கத்துல உக்காருற பிள்ளை வாசிச்சுச் சொன்னா."

"பாட்டு வருமா?"

"நான் பாடினா எங்க வீட்டுல மிக்ஸியைப் போட்டுருவாங்க."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். சிரிக்கிற மனுஷன்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"காலேஜ் ஆபீஸ்ல போய்ச் சொன்னீங்களா?"

"சொன்னேன். சூப்பிரண்டு சார் உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. உங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சோம்னாங்க. இசைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிரலாம்னாங்க."

"அப்படியா சொன்னார்?"

"சொன்ன பெறவு ரொம்ப நேரம் அவங்க வாயே திறக்கலை சார். பாவமா இருந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

கோபப்படவும் வழியில்லாத அன்பாக இருந்தது அது. படியிறங்க ஆள் வேறு அனுப்பி வைத்திருந்தார் சூப்பிரண்டு.

ஆவுடையப்பன் மனுவைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"போன வருஷம் என் பாடத்துல ஒன்பது பேர் தேறலை," என்றார்.

"தெரியும் சார்."

"தேறலைன்னா பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"என் ஆபீஸ்ல பிரமோஷனும் சேர்ந்து தள்ளிப்போகும். அதுவும் தெரியும்."

"அப்ப இசை நல்லதுதானே?"

"பாஸ் ஆகறதுக்கு நல்லதுதான்."

"வேற எதுக்கு?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எனக்கு ஆறு வயசுல ஒரு மக இருக்கா சார். சாயங்காலம் மாடியில துணி எடுக்கப் போவோம். இருட்டிட்டா என் விரலைப் பிடிச்சு மேல நீட்டி, அம்மா, அது என்னன்னு கேப்பா. ஒருநா விரலை ஒரு இடத்துல கொண்டு நிறுத்திட்டு, இங்கதான் இருக்கு, சொல்லுன்னா. கை வலிக்க அப்படியே நின்னேன். தெரியலையேன்னு சொன்னேன்."

"அவ அப்பா?"

"அவரும் என்னை மாதிரிதான்."

வராந்தாவில் யாரோ வேகமாக நடந்து போனார்கள்.

"இப்பல்லாம் அவ கேக்கறதே இல்லை சார்," என்றாள் இசக்கியம்மாள்.

ஆவுடையப்பன் மனுவை மடித்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தார். அவ்வளவுதானா என்று நினைத்து அவள் அதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"என் முழங்கையைப் பிடிச்சுக்கிடுங்க. ஆபீஸுக்குப் போவோம்."

சூப்பிரண்டு பலவேசம் இருவரையும் பார்த்ததும் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"சார், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ரெண்டு நாள் யோசிச்சுத்தான் ஆர்டர் போட்டேன். மத்த பாடம்னா நான் கை வச்சிருப்பனா? இந்தம்மா வரலாற்றுல முதல் மார்க் வாங்குறவங்க. இந்த ஒரு பாடத்துல போய்ச் சறுக்கிரக் கூடாதே."

"சரி," என்றார் ஆவுடையப்பன்.

"நீங்களே சொல்லுங்க. இவங்க நட்சத்திரத்தை எப்படி சார் பாப்பாங்க?"

ஆவுடையப்பன் மேசையை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். அவரிடமும் இதற்குப் பதில் இல்லை என்று இசக்கியம்மாள் நினைத்தாள். அவர் முழங்கையிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

"பலவேசம்," என்றார் அவர். "டைம் டேபிள் இருக்கா?"

"இருக்கு சார்."

"என் வகுப்பு எப்போன்னு பாருங்க."

பலவேசம் நாற்காலியில் உட்காரும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் கேட்டன. "ஞாயித்துக்கிழமை. பதினோரு மணி."

"ராத்திரியா?"

"பகல் பதினோரு மணி சார்."

"பதினாலு வருஷமா அந்த நேரத்துலதான் எடுக்கேன்."

இசக்கியம்மாளின் இடது கையில் ஜன்னல் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது.

பலவேசத்தின் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்புவது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது.

பிறகு திரும்பி வந்தது.

"மனுவை இப்படிக் குடுங்கம்மா," என்றார் அவர்.