தலைகீழாய் அச்சான பால்கனி

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து அச்சடித்த காலத்தில், சென்னையில் ரசமட்டம் என்றொரு மாத இதழ் வாழ்ந்துவந்தது. சுவர் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கான பத்திரிகை. கதை கிடையாது, கவிதை கிடையாது, நடிகை படம் கிடையாது. செங்கல்லை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, மொட்டைமாடி ஒழுகினால் என்ன செய்வது, இதுதான் அதன் பேச்சு.

சுண்ணாம்பு அரைத்துச் சுவர் எழுப்பிய நாளில் பிறந்தது அது. சிமென்ட் வந்தபோது, "இந்தச் சாம்பலையா நம்புவது?" என்று முகம் சுளித்தவர்களுக்குக் கலவை போடச் சொல்லிக்கொடுத்தது. சிமென்ட்டுக்கு பெர்மிட் வாங்க வரிசையில் நின்ற காலத்தில் சிக்கனம் சொல்லிக்கொடுத்தது. காகிதத் தட்டுப்பாட்டில் பெரிய பெரிய பத்திரிகைகளே மூச்சுத் திணறியபோது எலும்பும் தோலுமாக வந்தது. ஆனாலும் முதல் தேதியில் வந்தது. அந்த முதல் தேதியில்தான் அதன் பெருமையெல்லாம்.

பெருமை இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. பிறவியிலேயே கவலைப்படுகிற சுபாவம். தெருவில் லாரியிலிருந்து செங்கல் இறக்கும் சத்தம் கேட்டால்கூட, "ஐயோ, எது விழுந்தது?" என்று அட்டை நடுங்கும். போதாததற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்கெல்லாம் ஓர் உடம்பு. பத்திரிகைக்கு எத்தனை பிரதியோ அத்தனை உடம்பு. எந்த ஊரில் யார் அதைத் திறந்து வைத்திருந்தாலும் அங்கே நடப்பது அதற்குத் தெரிந்துவிடும். மூடி வைத்துவிட்டால் அந்த இடம் இருட்டு.

ஐம்பதாம் ஆண்டு நெருங்கியது. பொன்விழா மலரில் பேச வேண்டிய வரலாறு, ஜரிகை அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஒத்திகை பார்த்தது.

"ஐம்பது ஆண்டுகள்! ஒரு மாதமும் தவறியதில்லை! ஒரு பிழையும் நேர்ந்ததில்லை!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. என் பக்கம் வரைக்கும் கேக்கணும்," என்றது விளம்பரம். முழுப்பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதன் சம்பாத்தியத்தில். அதனால் அது எப்படிப் படுத்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

அப்போதுதான் படம் வந்தது. அந்த மாதத்து இதழில் பால்கனி கட்டும் முறையை விளக்கிய கோட்டுப்படம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றது.

"என்னப்பா, ஏன் அங்கேயே நிக்கிற?" என்றது ரசமட்டம்.

"ஐயா, என்னைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நான் தலைகீழா அச்சாகியிருக்கேன்."

ரசமட்டம் உற்றுப் பார்த்தது.

நடந்தது இதுதான். படத்திலிருந்த பால்கனி, பக்கத்தில் படுத்திருந்த விளம்பரத்தின் விலாவில் இடிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் முணுமுணுத்தது. படம்தானே, எந்தப் பக்கம் திரும்பினால் என்ன என்று அச்சுக்கூடத்தில் படம் பொறித்த பிளாக்கைத் தலைகீழாகப் புரட்டி வைத்தார்கள். எழுத்துகளை மட்டும் மறுபடி நேராகக் கோத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனிக்கு, கான்கிரீட்டுக்குள் கம்பி மேல்பக்கமாக ஓட வேண்டும். அதுதான் பால்கனியைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருக்கும் கை. புரட்டிய படத்தில் கம்பி அடியில் கிடந்தது.

"அடியில கிடந்தா என்னவாம்?" என்றது விளம்பரம்.

"கீழே முட்டுக் கொடுத்த கம்பு நிக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. கம்பை எடுத்ததும் பால்கனி அப்படியே கீழே வந்துடும்," என்றது படம்.

வரலாறு தொண்டையைக் கனைத்தது. "பதறாதீங்க. அடுத்த இதழ்ல, கடைசிப் பக்கத்துல, ஓரமா ஒரு வரி போட்டுடலாம். யார் கண்ணுலயும் படாது."

"கம்பை எப்ப எடுப்பாங்க?" என்று ரசமட்டம் படத்தைக் கேட்டது.

"ரெண்டு வாரத்துல. அவசரக்காரங்கன்னா அதுக்கும் முன்னாடி."

அடுத்த முதல் தேதி வெகு தூரத்தில் இருந்தது. அரை நூற்றாண்டாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தத் தேதியை ரசமட்டம் முதல்முறையாக வெறுத்தது.

"திருத்தத்தைக் கூப்பிடுங்க," என்றது.

திருத்தம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தேடித் தேடி, மேஜையின் அடி டிராயரைத் துழாவியபோது தூசியோடு எழுந்து வந்தது. குட்டையான உருவம், பொடி எழுத்து.

"நீ எப்ப இருந்து இதுக்குள்ள இருக்கே?"

"நீங்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல இருந்தே. செப்டிக் டேங்க் அளவு தப்பாப் போச்சே, அப்ப என்னை முதல்ல எழுதினாங்க. இடமில்லை, அடுத்த மாசம் பாக்கலாம்னீங்க. அப்புறம் மாடித் தளத்துக்கு ஒரு தடவை. தண்ணித் தொட்டிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வருவேன். அடுத்த மாசம்னு திருப்பி அனுப்பிடுவீங்க."

"தண்ணித் தொட்டியா? அது என்ன ஆச்சு? விழுந்துதா?"

"தெரியலை. யாரும் எழுதிப் போடலை."

இவ்வளவு காலமும் பிழை இல்லாமல் இருக்கவில்லை, பிழையைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் ரசமட்டத்துக்கு உறைத்தது. வரலாறு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தது.

"ஐயா, நான் மூணே வரி," என்றது திருத்தம். "ஒரு தபால் கார்டுல தாராளமா படுத்துக்குவேன். என்னைத் தனியா அனுப்புங்க. இன்னைக்கே அனுப்புங்க."

விளம்பரம் துள்ளி எழுந்தது. "அண்ணே, புத்தி கெட்டுப்போச்சா? சந்தாதாரர் அத்தனை பேர் வீட்டுக்கும் 'நாங்க தப்பு பண்ணிட்டோம்'னு நாமளே கார்டு போடறதா? நான் வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

"நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மேடை ஏறுவேன்?" என்றது வரலாறு.

"அனுப்புங்க," என்றது ரசமட்டம். தைரியத்தில் சொன்னதல்ல. கோவில்பட்டியில் திறந்து கிடந்த அதன் பிரதி ஒன்று அந்நேரம் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அப்படி.

கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் செண்பகவல்லி மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தாள். பால்கனிக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. கீழே சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து நின்றன. சிமென்ட் மூட்டைமேல் ரசமட்டம் அந்தப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு செங்கல்.

"என்ன மேஸ்திரி, இந்தக் கம்பையெல்லாம் எப்பதான் எடுக்கப் போறீங்க? வெள்ளிக்கிழம பால் காய்ச்சணும்லா?"

"வியாழக்கிழம காலைல எடுத்துருதேன்க்கா," என்றார் மேஸ்திரி சூசைமாணிக்கம்.

"எங்க மதினிமாரெல்லாம் பால்கனில வரிசையா நின்னு போட்டோ எடுக்கணும்னு இப்பவே சேலை எடுத்து வச்சிருக்காளுவ. தாங்கும்லா?"

"யானையே ஏறி நிக்கலாம். நானும் இத்தனை வருசமா கம்பிய மேலதான் போட்டுட்டு வந்தேன். இந்தா, கீழ போடணும்னு ரசமட்டத்துல படமே போட்டுருக்கான். அவன் தப்பாவா போடுவான்? நமக்குத்தான் வெவரம் பத்தல."

செங்கல்லின் அடியில் ரசமட்டம் துடித்தது. மனிதர்கள் காதில் விழும்படி பேச அதற்கு வாய் இல்லை. அச்சடித்ததைத்தான் சொல்ல முடியும். அச்சடித்திருந்ததோ அந்தப் படம். தன்மேல் வைத்த நம்பிக்கையை நினைத்து ஒரு பத்திரிகை அழுதது என்றால் அது அன்றைக்குத்தான்.

"ஏய் பத்திரிகை," என்று கூப்பிட்டது ஓரத்திலிருந்த சவுக்குக் கம்பு. "வழக்கமா நாள் ஆக ஆக எனக்குக் கனம் கொறையும். தளம் தன்னைத்தானே தாங்கிக்கிடும். இது கொறைய மாட்டேங்குதே, என்ன சங்கதி?"

"தப்பு என்னுதுதான். கார்டு வந்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நான் பொறுப்பேன். என்னைப் புடுங்குதவன் பொறுக்கணும்லா?"

சென்னையில் எழுத்துகள் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வரிசையில் நின்றன. அச்சு எந்திரம் கார்டு கார்டாகத் திருத்தத்தை ஏற்றி அனுப்பியது. அதற்குப் பிறகு ரசமட்டத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. ரயில் நேரத்துக்குப் போயிருக்குமா? மூட்டை மாறியிருக்குமா? முகவரி அழிந்திருக்குமா? புதன்கிழமை கோவில்பட்டித் தெருவில் தபால்காரரின் சைக்கிள் வந்தது. மணி அடித்தது. நிற்காமல் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை சூசைமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தார். ஓரத்துக் கம்பின் அடியில் ஓர் அடி. கம்பு சாய்ந்தது. மேலே, சுவரை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு கீறல் ஓடியது. கீழே நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. அடுத்த கம்பும் சாய்ந்தது.

"போச்சு, போச்சு," என்று சாய்ந்து கிடந்த கம்பு புலம்பியது.

"மேஸ்திரி! ஒங்க வீட்டுக்குப் போனேன், இங்க இருக்கீகன்னாவ," என்று தபால்காரர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றி ஒரு கார்டை நீட்டினார்.

சூசைமாணிக்கம் அதை வாங்கி, பார்க்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு சுத்தியலை மறுபடி ஓங்கினார். பைக்குள் கிடந்த திருத்தம் கத்தியது, ரசமட்டம் கத்தியது, நின்ற கம்பு, சாய்ந்த கம்பு எல்லாம் கத்தின. ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

"என்ன மேஸ்திரி, கார்டைப் படிக்காம வைக்கீங்க?" என்றாள் செண்பகவல்லி. "எதும் துட்டிச் சேதியா இருக்கப் போகுது. நாளைக்கு நல்ல காரியம். படிச்சிட்டு அடிங்க."

அவர் சலிப்போடு கார்டை எடுத்தார். ஒரு தடவை படித்தார். உதடு அசைய இன்னொரு தடவை படித்தார். சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சாய்ந்து கிடந்த கம்புகளைத் தானே தூக்கி, பழைய இடத்தில் நிறுத்தி இறுக்கினார்.

"எக்கா, அங்கன நிக்காதீங்க. வெளிய வந்துருங்க."

"யாரு செத்துப் போனா?"

"யாரும் சாகல. இதை இடிக்கணும்."

செண்பகவல்லி ரசமட்டத்தைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதன் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். ரசமட்டத்துக்கு ஒவ்வொரு வசவும் காதில் தேனாக விழுந்தது. அவள் உயிரோடு நின்று திட்டுகிறாள், அது போதும். சூசைமாணிக்கம் செங்கல்லை எடுத்துவிட்டுப் பத்திரிகையைக் கையில் தூக்கினார்.

"இனியும் ஒன்னை வாங்குவேன்லே. ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்ப மாட்டேன்," என்று சொல்லி மூடிவைத்தார். அங்கே இருட்டாகிவிட்டது.

மறுநாள் பால்கனி இல்லாமலே பால் பொங்கியது. மதினிமார்கள் தெருவில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

விளம்பரம் சொன்னபடியே மூட்டை கட்டிக்கொண்டு போனது. சில மாதம் கழித்து, கால் பக்கமாக இளைத்துப்போய்த் திரும்பி வந்தது. சந்தாதாரர்களில் சிலர் விலகினார்கள். பொன்விழாவுக்கு முன்னால் வரலாறு அங்கவஸ்திரம் இல்லாமல் வந்து நின்றது.

"ஐயா, இந்த வருஷத்துக்கு நான் என்ன எழுதறது?"

"கோவில்பட்டியில ஒரு பால்கனி விழலைன்னு எழுது."

"விழாததை எல்லாம் யாராவது வரலாறுன்னு எழுதுவாங்களா?"

"கட்டினது விழாம பாத்துக்கிறதுதானே நாம இத்தனை வருஷம் செஞ்ச வேலையே?" என்றது ரசமட்டம். சொல்லிவிட்டு, மூடிக் கிடக்கும் மற்றப் பிரதிகளை நினைத்தது. அவற்றைப் படித்துவிட்டு மூடியவர்கள் எந்த ஊரில் எதைக் கட்டினார்களோ, கார்டு அவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. அதைச் சொல்ல யாருமில்லை.

பொன்விழா மலருக்கு அடுத்த இதழிலிருந்து திருத்தத்துக்கு முதல் பக்கத்தில், தலைப்புக்கு நேர் கீழே ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். போன மாதம் என்ன தப்பாகச் சொன்னோம் என்பது அதில் வரும். தப்பு எதுவும் அகப்படாவிட்டால் கட்டம் வெறுமையாகவே அச்சாகும்.

"பாத்தீங்களா, இந்த மாசம் சுத்தம்!" என்று அப்போதெல்லாம் விளம்பரம் கை தட்டும்.

அந்தக் கட்டம் வெறுமையாக வரும் மாதங்களில்தான் ரசமட்டத்துக்குத் தூக்கம் வருவதில்லை.