மூடாத விதை

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். எத்தனையோ வருஷம் கழித்தும் அமலதாசின் காதில் அது அப்படியே இருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக் களிமண் குவாரியில், அவர் உளி வைத்துத் தட்டிய கல் இரண்டாகத் திறந்துகொண்ட சத்தம்.

உள்ளே கல்லாகிப்போன ஓர் இலை. பார்வைக்குப் பெரணி. ஆனால் பெரணிக்கு விதை கிடையாது. இதன் ஓரத்திலோ மிளகளவு விதைகள். அவற்றை மூடப் பழத்தின் சதையில்லை, தோலில்லை.

தபால் வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அமலதாஸ். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியை கோசலை அவரைவிட எட்டு வயது இளையவர். அமலதாஸ் கல்லைப் பஞ்சில் பொதிந்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்தே பஸ்ஸில் கோசலையின் அறைக்குக் கொண்டுவந்தார்.

"கைக்குழந்தையைக்கூட இப்படித் தூக்கிட்டு வரமாட்டாங்க சார்," என்று சிரித்த கோசலை, பிரித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடேயப்பா! விதை!"

"விதையேதான் மேடம்!" அமலதாசுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணு கேக்கணும். மாங்கொட்டைக்கு மாம்பழம் இருக்கு. இது பாட்டுக்கு விதையை வெட்டவெளியில விட்டிருக்கே, பயமே இல்லையா இதுக்கு?"

கோசலை பதில் சொல்வதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம். தேவகுமாரி, அதே குவாரியில் தோண்டுகிற வேறு கல்லூரிக்காரர்.

அமலதாஸ் பதறித் துண்டைப் போர்த்தினார். "பார்த்தா முந்திக்கிட்டு எழுதிடுவாங்க மேடம். செடிக்குப் பேர் வைக்கிறது அவங்கன்னு ஆயிடும். நாலு வருஷ உழைப்பு மேடம்!"

கோசலை துண்டை உருவி மடித்தார். பஞ்சை ஜன்னல் வழியே போட்டார்.

தேவகுமாரி உள்ளே வந்தார், குனிந்தார், அப்படியே நின்றார். பிறகு கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். சீப்பு, சாவி, மாத்திரை அட்டை, காகிதத்தில் மடித்த ஒரு கல். அதே இலை. விதை இருக்கவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிப் பைகள்.

"மகரந்தப் பை அண்ணே! ரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் காட்டல!"

"ஆண் செடி!" என்று கத்தினார் அமலதாஸ்.

ஒரே லென்சுக்கு மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. தேவகுமாரி போன் பேச வெளியே ஓடியபின் அமலதாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே மேடம்."

"மகரந்தம் காத்துலதானே வரணும் சார்?" என்றார் கோசலை. "மூடி வெச்சா எங்கே வந்து இறங்கும்?"

அமலதாஸ் மடித்துக் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

செடிக்குப் பெயர் வைத்தது தேவகுமாரி. சேர்ந்து எழுதிய கட்டுரையில் அமலதாஸ் இரண்டாவது பெயர்.